பிகாசாவை விட்டு டிஜிகாமுக்கு வந்த கதை

கணினியில் படங்களை அடுக்கித் திருத்தும் தன் இலவச மென்பொருளான பிகாசாவை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2016 பிப்ரவரியில் அறிவித்தது. மார்ச் 15க்குப் பிறகு கணினிப் பதிப்புக்கு அப்டேட் கிடையாது, எல்லாரும் கூகுள் போட்டோஸுக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். நான் போகவில்லை. நிறுவிய மென்பொருளை யாரும் பிடுங்கவில்லையே. கடைசியாக வந்த 3.9 விண்டோஸ் 10இலும் நன்றாகவே ஓடியது. படங்கள் எல்லாம் ஆண்டுவாரியாக என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்போது எதற்கு இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 2021 ஜூனில் கூகுள் போட்டோஸில் இலவச வரம்பற்ற சேமிப்பும் முடிந்துபோனது.

கிளம்ப வைத்தது ஐபோன். 2017க்குப் பிறகு அதில் படங்கள் ஹெச்இஐசி என்ற புதிய கோப்பு வடிவில் வர ஆரம்பித்தன. பிகாசாவுக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டில் வாட்ஸப்பில் அனுப்பாமல் கேபிளில் போட்டுக் கொடுத்தால் பாதிப் படம் கண்ணிலேயே படாது. அப்போதுதான் இலவச, திறமூல மென்பொருளான டிஜிகாமைத் தேடிப் போனேன்.

மாறுவதற்கு முன் பிகாசாவுக்குள் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். பிகாசாவில் படத்தை வெட்டினாலும், வெளிச்சம் கூட்டினாலும், அசல் கோப்பு மாறாது. செய்த மாற்றம் அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.பிகாசா.ஐஎன்ஐ' என்ற குட்டிக் கோப்பில் ஒரு குறிப்பாக மட்டும் நிற்கும். வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் வெட்டாத, இருட்டான பழைய படமே வரும். ஆகவே ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'சேவ்' கொடுத்து மாற்றங்களைப் படத்திலேயே எழுத வைக்க வேண்டும். முகங்களுக்கு இட்ட பெயர்களும் அப்படித்தான்: முகம் இருக்கும் இடம் அதே ஐஎன்ஐயில் ஒரு 16 இலக்க எண்ணாகக் கிடக்கும். 3.9இல் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதும் ஒரு விருப்பம் ஆப்ஷன்ஸில் உண்டு. அப்படிப் படத்துக்குள் எழுதப்பட்ட பெயர்களை டிஜிகாம் படித்துக்கொள்ளும்.

நட்சத்திரம் இட்ட படங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றை மட்டும் வடிகட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'பிடித்தவை' என்று ஒரு டேக் போட்டேன். டேக்கும் தலைப்பும் படத்துக்குள்ளேயே எழுதப்படுவதால் அப்படியே கூட வந்துவிட்டன.

டிஜிகாமைத் திறந்ததும் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருந்தது. எங்கே பார்த்தாலும் மெனு, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொன்று. பிகாசாவை அம்மாவுக்குச் சொல்லித்தர ஒரு மதியம் போதும். இதை அப்படிச் சொல்லித்தர முடியாது. ஆனால் டேக், முகம், மதிப்பெண் எல்லாவற்றையும் படக்கோப்பிலேயே எழுதச் சொல்லி அமைத்துவிடலாம். நாளைக்கு இதுவும் நின்றுபோனால் திரும்பவும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே போதுமான காரணம். படங்களின் விவரங்களை டிஜிகாம் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்தை வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். உருட்டிப் பார்க்கும் வேகம் தாராளம்.

முகம் கண்டுபிடிப்பது 2020இல் வந்த 7.0 பதிப்பில் நரம்பியல் வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்) என்ற செயற்கை நுண்ணறிவு முறைக்கு மாறியது. கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்பவரைக்கூடப் பிடித்துவிடுகிறது. அம்மாவையும் சித்தியையும் மட்டும் குழப்பும். அது பரவாயில்லை, சொந்தக்காரர்களே குழப்புவதுண்டு.

எடிட்டிங்கில்தான் பிகாசாவின் அருமை தெரிகிறது. 'ஐயாம் ஃபீலிங் லக்கி' என்று ஒரு பட்டன். ஒரு தட்டுத் தட்டினால் மங்கிய ஸ்கேன் படம் பளிச்சென்று ஆகும். டிஜிகாமிலும் தானியங்கித் திருத்தம் இருக்கிறது, ஆனால் எடிட்டரைத் திறந்து, மெனுவுக்குள் போய், நாலைந்து வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசலைத் தொடாமல் புதிய பதிப்பாகச் சேமிப்பது நல்ல விஷயம். கொலாஜ் செய்வதற்கு மட்டும் இன்னமும் பழைய லேப்டாப்பில் பிகாசாவைத்தான் திறக்கிறேன்.

ஒன்று கவனிக்க வேண்டும். பிகாசாவில் சேவ் செய்தபோது அசல் படங்கள் '.பிகாசாஒரிஜினல்ஸ்' என்ற மறைந்த ஃபோல்டருக்குப் போயிருக்கும். டிஸ்க்கில் இடம் அடைக்கிறதே என்று யோசிக்காமல் அழித்துவிடாதீர்கள். வெட்டுவதற்கு முன்பிருந்த முழுப் படம் அங்கே மட்டும்தான் இருக்கும்.