கூட்டமாகப் புதுச்சேரி போனால்: பழைய வீடா, ரிசார்ட்டா?

பொங்கல் விடுமுறைக்குச் சித்தப்பா, அத்தை குடும்பங்களோடு புதுச்சேரி போவது என்று முடிவானதும் வீடு இரண்டு கட்சியானது. பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும், அதனால் ஈசிஆர் பக்கம் ரிசார்ட். பெரியவர்களுக்கு ஊருக்குள் பழைய வீடு ஒன்றை முழுசாக எடுக்க ஆசை. கடைசியில் பெரியவர்கள் கட்சிதான் ஜெயித்தது. மறுபடி போனாலும் என் ஓட்டு அதற்கே.

ரிசார்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசி, ஜெனரேட்டர், கார் நிறுத்த இடம், காலை டிபன், எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ராத்திரி சாப்பிட்டதும் ஆளாளுக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அப்புறம் பக்கத்து அறைக்காரரிடம் பேசக்கூட வாட்ஸப்தான்.

பழைய ஊரைத் தமிழ்ப் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என்று பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே இருக்கும் தமிழ் வீடுகளில் அதற்கு வழியே இல்லை. தெருவில் திண்ணை, உள்ளே போனால் முற்றம், சுற்றித் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் தாழ்வாரத்தில்தான் கால் வைக்க வேண்டும், அங்கே யாராவது சீட்டாடிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருப்பார்கள், நாமும் உட்கார்ந்துவிடுவோம். கூட்டமாகப் போவதே இதற்குத்தானே? பல வீடுகளில் கீழே இப்படித் தமிழ் அமைப்பு, மாடியில் பிரெஞ்சு பாணி. வைசியாள் வீதியில் ஒரு நடை போனால் இந்தக் கலவை புரியும். அந்தத் தெருவைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சு வில்லாக்கள் இருக்கின்றன. உயர்ந்த மதில், உள்ளே தோட்டம், கடற்கரைச் சாலை நடக்கும் தூரம். புதுமணத் தம்பதிக்குப் பொருத்தம், எங்கள் கூட்டத்துக்கு இல்லை.

முற்றத்து வீட்டில் தொல்லையும் உண்டு. ஒருவர் இருமினால் வீடு முழுக்கக் கேட்கும். காரைத் தெருவில் எங்காவது இடம் தேடித்தான் விட வேண்டும். நாங்கள் தங்கியது தையில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றமும் பழைய கூரையும் எப்படியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் போகிறவர்கள் வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அறைகளை விடக் குளியலறைகளை எண்ணுங்கள். இந்த வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், நிலைப்படியும் உயரம். முழங்கால் வலிக்காரர் கூட வருகிறார், கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு அறைகூட இல்லை என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ரிசார்ட்டுக்கே போய்விடுங்கள்.