பெட்டகம் நம் வீட்டிலேயே: கீபாஸ்எக்ஸ்சியா, பாஸா, வால்ட்வார்டனா, நோட்டுப் புத்தகமா?

2022-இல், நம் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் சேவையின் கிளவுட் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள், அதாவது கடவுச்சொற்கள் அடங்கிய தொகுப்புகள், திருடு போயின. கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் (என்கிரிப்ஷன்) இருந்தன. எந்தெந்தத் தளத்துக்கு உரியவை என்ற முகவரிகளோ திறந்தே கிடந்தன. பிரதி கையில் இருந்தால், திருடன் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை வருடக்கணக்கில் ஊகித்துக்கொண்டே இருக்கலாம்.

அதனால் பெட்டகத்தை நம்மிடமே வைத்துக்கொள்ளும் வழிகளைப் பார்ப்போம். என் ஓட்டு, நம் கணினியிலேயே ஓடும் கடவுச்சொல் செயலியான கீபாஸ்எக்ஸ்சிக்கு. எல்லாம் கேடிபிஎக்ஸ் என்ற வடிவத்தில் மறையாக்கப்பட்ட ஒரே கோப்பு. தளப் பெயர்கள்கூட அதற்குள் மறைந்துவிடும். கேடிபிஎக்ஸ் 4 வடிவத்தில் உள்ள, கடவுச்சொல்லிலிருந்து சாவியைக் கணிக்கும் ஆர்கான்2 என்ற முறை, ஒவ்வொரு ஊகத்துக்கும் ஏராளமான நினைவகத்தைக் கேட்கும். கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கினாலும் திருடனுக்குச் செலவு எகிறும். ஆண்ட்ராய்டு போனில் அதே கோப்பைக் கீபாஸ்டிஎக்ஸ் செயலி திறக்கும். கோப்பு, சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் வழியாகப் போகட்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சாவியாகக் கேட்கப்படும் சாவிக்கோப்பை மட்டும் யுஎஸ்பி கேபிளில் ஒரே ஒருமுறை மாற்றுங்கள். அப்போது பெட்டகக் கோப்பு வழியில் களவு போனாலும் அதை மட்டும் வைத்துத் திறக்க முடியாது. ஒரு தொல்லை உண்டு: கணினியிலும் போனிலும் ஒரே நேரத்தில் திருத்தினால் கோப்பு இரண்டாகும். கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பழகாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

பாஸ், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலேயே வாழ்பவர்களுக்கான கடவுச்சொல் கருவி. வயர்கார்டு என்ற விபிஎன்னை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. ஒவ்வொரு கடவுச்சொல்லும் ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளால் பூட்டிய தனிக் கோப்பு; மாற்றங்களின் வரலாற்றைக் காக்கக் கிட் என்ற கருவி. எளிமையில் இதற்கு ஈடில்லை. ஆனால் கோப்புகளுக்குப் பொதுவாகத் தளத்தின் பெயரையே வைக்கிறோம், அந்தப் பெயர்கள் மறையாக்கப்படுவதில்லை. லாஸ்ட்பாஸில் எதைக் குறை சொன்னோமோ அதே ஓட்டை இது.

வால்ட்வார்டன், பிட்வார்டன் என்ற கடவுச்சொல் சேவையின் செயலிகளோடு பேசும் சர்வர். நம் வீட்டுக் கணினியிலேயே ஓடும். குடும்பத்தோடு கடவுச்சொல்லைப் பகிர இதுவே வசதி. பதிலுக்கு அப்டேட், சான்றிதழ், பேக்கப் எல்லாம் நம் தலையில். அதற்கு நேரமில்லாதவர் இணையத்துக்குத் திறந்துவிட்ட சர்வர், கிளவுடைவிட ஆபத்தானது.

நோட்டுப் புத்தகத்தை நான் கேலி செய்யமாட்டேன். இணையத் திருடனுக்கு அது எட்டாது; நாலைந்து கணக்கு மட்டுமே உள்ள பெரியவர்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் போலி வங்கித் தளம் வந்தால் நோட்டு எச்சரிக்காது. கீபாஸ்எக்ஸ்சியின் பிரவுசர் நீட்சி முகவரி பொருந்தினால்தான் கடவுச்சொல்லை நீட்டும்.

எந்த வழியானாலும் ஒரு பிரதியை பென்டிரைவில் வேறொரு வீட்டில் வையுங்கள். அதைத் திறந்தும் பாருங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டி, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.