பாசார் மாலாமில் பாராங் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: என் 120 வெள்ளி போன கதை

120 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வாங்கிய பாராங் என்னும் வெட்டுக்கத்தி, பத்துப் பன்னிரண்டு வெட்டுக்குள் பிடியை மட்டும் என் கையில் விட்டுவிட்டுப் பறந்தது. தகடு போய்க் கோழிக்கூண்டின் தகரத்தில் குத்தி நின்றது. கூண்டுக்கு இரண்டடி தள்ளி என் மகள் நின்றிருந்தாள். பணம் போனதை விடுங்கள், இதை எழுத அது ஒன்றே போதும்.

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது. அக்டோபர் மழையில் அதன் பெரிய கிளை ஒன்று முறிந்து வேலி மேல் சாய்ந்தது. ஆள் வைத்து அகற்ற 300 வெள்ளி கேட்டார்கள். அம்மாவுக்கோ அந்த விறகின் மேல் கண். பொங்கல் பானைக்கு ரம்புத்தான் விறகுபோல் நின்று எரிவது வேறில்லை என்பது அவர் கட்சி. நாமே வெட்டிவிடலாம் என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஓர் இளைஞர் கருவிகளை விரித்து வைத்து ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோடாரி, ஹார்டுவேர் கடையில் தொங்கும் சாதாரண பாராங் ஒன்று, லோரியின் ஸ்பிரிங் இரும்பில் அடித்தது என்று அவர் சொன்ன 'லோரி ஸ்பிரிங்' பாராங் ஒன்று. கோடாரியால் மூன்று போடு போட்டார். கிளை துள்ளியது, அறுபடவில்லை. சாதாரண பாராங் நான்கு வெட்டு வாங்கியது. அவருடையது ஒரே வெட்டு. "அண்ணே, கோடாரியெல்லாம் தாத்தா காலத்துச் சாமான்" என்றார். ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து தகட்டில் வைத்தார், கப்பென்று ஒட்டியது. "அசல் ஸ்பிரிங் இரும்பு, பாருங்கள்." நானும் தலையாட்டினேன்.

அன்று கண்ணால் பார்த்தும் மண்டையில் ஏறாதவை பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கோடாரி இறங்கும்போது கிளையின் நுனி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அடிக்கு வளைந்து கொடுத்தது. தன் பாராங்கின் முறை வந்ததும் அதே கிளையைக் கட்டையின் மேல் இழுத்து வைத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் நேர்க்குத்தாக இறக்கினார், தன்னுடையதைச் சாய்த்து இறக்கினார். மரத்தின் நாருக்குக் குறுக்கே நேராக வெட்டினால் எந்தக் கத்தியும் திணறும். சாய்த்து வெட்டினால் சுமாரான கத்திகூடப் பாயும். கிளையும் பச்சை, விரல் தடிமன்தான். காந்தமோ, ஆணியிலும் ஒட்டும், குசினிக் கத்திகள் பலவற்றிலும் ஒட்டும்.

வீட்டில் முதல் கணுவிலேயே கத்தியின் வாய் மடங்கியது, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கூடக் கொஞ்சம் பலமாகப் போட்டேன், பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேனே.

பக்கத்து வீட்டு மாமா பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர். சத்தம் கேட்டு வந்தவர், என்னைத் திட்டுவதற்கு முன் பிடியைக் கையில் வாங்கி உளியால் பிளந்தார். கத்தியின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் இரும்பு, என் சுண்டுவிரலில் பாதிகூட உள்ளே போயிருக்கவில்லை. மீதி இடத்தில் மஞ்சள் பசையும், சுருட்டித் திணித்த சீன நாளிதழ்த் துண்டும். மேலே மட்டும் பளபளவென்று பித்தளைப் பூண்.

வால் பிடிக்குள் மறைந்திருப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மலாய்க் கொல்லர்கள் காலங்காலமாக வாலைக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கி, அரக்கு வைத்துத்தான் இறுக்குகிறார்கள். மாமாவின் பழைய பாராங்கும் அப்படித்தான். ஆனால் அதன் வால் பிடியின் அடிவரை ஓடுகிறது. பிறகு அவர் அரத்தை எடுத்து இரண்டு கத்திகளின் வாயிலும் இழுத்தார். அவருடையதில் வழுக்கிக்கொண்டு போனது, என்னுடையதில் பென்சில் சீவுவதுபோல் கடித்தது. லோரி ஸ்பிரிங்கில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி இருக்கும்; காய்ச்சித் தோய்த்துப் பதம் கொடுத்தால் அரம் அவ்வளவு எளிதில் ஏறாது. என் கத்தி வெறும் தகரத்துக்கு அண்ணன்.

கிளையை முடித்துக் கொடுத்ததும் அவர்தான். சிம்புகளையும் மணிக்கட்டுத் தடிமன் வரையுள்ளவற்றையும் பாராங்கால் கழித்தார். அதற்கு மேல் தடித்ததைக் கைரம்பத்தால் துண்டு போட்டார். அந்தத் தடிமனில் வெட்டிக்கொண்டிருப்பது தோளுக்குத்தான் கேடு என்றார். துண்டுகளை நெட்டுவாக்கில் பிளக்க மட்டும் அந்தத் 'தாத்தா காலத்துச் சாமான்'. கோடாரியின் கனமே ஆப்பு மாதிரி மரத்தை விரித்துவிடுகிறது. இதைப் போய்ப் பாராங்கோடு பந்தயம் விட்டுப் பார்த்து நானும் கை தட்டியிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனேன். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், மனைவி தகட்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிக் கார் பூட்டில் போட்டார். இளைஞர் பிளந்த பிடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெட்டத் தெரியாமல் வெட்டியிருக்கிறீர்கள் அண்ணே, இன்னும் 50 வெள்ளி போடுங்கள், பெரியதாகத் தருகிறேன்" என்றார். ரசீது எங்கே என்று வேறு கேட்டார். அவர் கொடுத்தால்தானே இருக்கும்!

நல்ல வேளை, கியூஆர் குறியீட்டில் பணம் கட்டியிருந்தேன். பெறுபவரின் பெயர், தேதி, தொகை எல்லாம் கைப்பேசியில் இருந்தன. அதை வைத்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்குவது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் யார் பெயரில் மனுப் போடுவது என்றே திண்டாடியிருப்பேன். பாசார் மாலாமில் இந்த மாதிரிச் சாமான் வாங்கினால் ஒரு துண்டுத் தாளிலாவது பெயரும் முகவரியும் எழுதி வாங்குங்கள். பிடியின் அடியில் வால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் நடையைக் கட்டுங்கள்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பிடித் துண்டுகளும் நாளிதழ்ச் சுருளும் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. தகட்டை ஆதாரமென்று அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அதை எடுத்துத் தேங்காய் உரிக்கலாமா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.