கலோரிக் கணக்கா, முன்பட்டினியா, மூன்று நாள் விடுப்பா: பலகார டப்பாவைத் தாக்குப்பிடித்த வழி எது?

மூன்று தீபாவளிக்கு மூன்று வழி பார்த்துவிட்டேன். 2023-ல் வாயில் போட்டதையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் எழுதிக் கலோரி கணக்குப் பார்த்தேன். 2024-ல் விருந்துக்கு முன்னால் வயிற்றைக் காயப்போட்டேன். 2025-ல் எடை குறைக்கும் வேலையையே மூன்று நாள் நிறுத்திவிட்டு, நான்காம் நாள் காலையில் வீட்டில் பலகாரமே இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். எனக்குக் கைகொடுத்தது கடைசி வழிதான், இனியும் அதைத்தான் செய்யப்போகிறேன். ஐப்பசி பிறந்ததுமே “ஆறு மாசமா குறைச்சது இந்த ஒரு வாரத்துல போயிடுமோ” என்று மனசு அடித்துக்கொள்ளும் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தோடேயே இரண்டு தீபாவளியைக் கழித்திருக்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில். விடியற்காலை எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, சாமிக்குப் படைத்த பலகாரத்தில் ஒன்றிரண்டு, எட்டு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி. மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) முறுக்கும் ரவா லட்டும் செய்வார், நோன்புக்கு அதிரசம் கட்டாயம் உண்டு. கடையில் வாங்கும் மைசூர்பாகு, கணவர் வேலை செய்யும் இடத்தில் தரும் ஒரு கிலோ பெட்டி, அக்கம்பக்கத்திலிருந்து வரும் தட்டுகள் எல்லாம் தனி. இதில் எதையும் குறை சொல்லவில்லை. இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது என்பதுதான் கதையின் ஆரம்பமே.

அதனால் “வேண்டாம், நான் டயட்ல இருக்கேன்” என்று எல்லாவற்றையும் மறுக்கும் வழியை நான் ஒப்பிடவே போவதில்லை. முடிந்தவர்கள் செய்யலாம், என்னால் முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு நடந்து கரைத்துவிடலாம் என்ற வழியும் அப்படித்தான். ஒரு மணி நேர நடைக்கு என் எடையில் 200 முதல் 300 கலோரி போகும், இரண்டு அதிரசத்திலேயே அது திரும்பி வந்துவிடும். நடை நல்லது, ஆனால் பலகாரத்துக்கு ஈடுகட்ட அது போதாது.

முதலில் ஆப். சாதாரண நாட்களில் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி என்று தெரிந்த பிறகுதான் பொரியலுக்கு ஊற்றும் கை சுருங்கியது. ஆனால் தீபாவளியன்று “முறுக்கு ஒன்று” என்று தேடினால் ஏழெட்டுப் பதிவுகள் வருகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்ணோடு. ரவா லட்டுக்கு எவ்வளவு நெய் விட்டீர்கள் என்று அத்தையிடம் கேட்டேன். “உருண்டை பிடிக்கிற அளவுக்கு” என்றார். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? சரி, தோராயமாக எழுதிக்கொள்ளலாம், அது பெரிய குறை இல்லை. பெரிய குறை, காலை பதினொன்றுக்கெல்லாம் அன்றைய கணக்கு தாண்டிச் சிவப்பாகிவிட்டதுதான். சிவப்பைப் பார்த்ததும் “இன்னைக்குப் போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று தோன்றியது. மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் நான் ஆப்பைத் திறக்கவில்லை, அதற்குப் பிறகு மூன்று வாரம் திறக்கவே இல்லை. தீபாவளி காலையில் 78.4 கிலோ, நாலு வாரம் கழித்து 79.6.

2024 தீபாவளி வியாழக்கிழமை வந்தது, தமிழக அரசு வெள்ளியும் விடுமுறை என்று அறிவித்துவிட்டதால் சேர்ந்தாற்போல் நாலு நாள். இந்த முறை எழுதுவதெல்லாம் வேண்டாம், மதிய விருந்துக்கு இடம் விட்டுக் காலையைத் தவிர்ப்போம் என்று நினைத்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபாவளியின் அமைப்பே இதற்கு எதிரி. நாலரை மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் லேகியமும் இனிப்பும் உள்ளே போய், அப்புறம் இட்லியும் இல்லை என்றால் பத்து மணிக்குக் கை நடுங்குகிற பசி வரும். அந்தப் பசியில் யாரும் தட்டுப் போட்டு உட்கார்வதில்லை. சமையலறையில் நின்றபடி மிக்சர் டப்பாவில் கைவிட்டேன், எவ்வளவு தின்றேன் என்று எனக்கே தெரியாது. மதியம் பிரியாணியும் குறையவில்லை. இரண்டு தடவை போட்டுக்கொண்டு, சாயங்காலம் முழுக்க வயிறு கனத்துப் படுத்திருந்தேன். மறுநாள் குற்ற உணர்ச்சியில் மறுபடி பட்டினி, மறுபடி மிக்சர். 76.9-ல் தொடங்கி நாலு வாரத்தில் 78.3. மூன்றில் இதுதான் மோசம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படி வேளையைத் தள்ளக்கூடாது. ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

இரண்டு வருஷத்துக் குறிப்பேட்டையும் எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என் எடையை ஏற்றியது தீபாவளி இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். என்னதான் விருந்து என்றாலும் ஒரு நாளில் நான் அவ்வளவு சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு வாரம் டீயோடு ஒரு முறுக்கு, பாத்திரம் கழுவிவிட்டு ஒரு லட்டு, டிவி முன்னால் ஒரு கைப்பிடி மிக்சர், இரவு ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ஒரு துண்டு மைசூர்பாகு, இப்படி நாளுக்கு 500, 600 கலோரி போனது. அதைப் பதினாலால் பெருக்கினால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆப்பும் பட்டினியும் விருந்து நாளைச் சமாளிக்கும் வழிகள். விருந்து முடிந்த பிறகு அலமாரியில் நிற்கும் டப்பாவைப் பற்றி இரண்டுமே ஒரு வார்த்தை பேசுவதில்லை. எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி இப்போது ஒன்றுதான்: எட்டாம் நாள் மாலை டீ நேரத்தில் இது என்ன செய்யும்?

இதற்கான பதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பல வருஷமாக இருந்திருக்கிறது. அவர் கந்த சஷ்டி விரதக்காரர். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையன்று தொடங்கிச் சூரசம்ஹாரம் வரை ஆறு நாள் விரதம், திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொள்வார். தீபாவளியன்று எங்களைப் போலத்தான் சாப்பிடுவார், ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. ஆனால் காப்புக் கட்டும் முன்பே பலகாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். எடைக்காக அவர் இதைச் செய்யவில்லை, முருகனுக்காகச் செய்கிறார், அதை எடைக்குறைப்போடு ஒப்பிடுவது சரியில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்டது அந்த முடிவு நாளை மட்டும்தான். எங்கள் வீட்டில் பண்டிகைக்குத் தொடக்க நாள் இருந்தது, முடிவு நாள் இல்லை.

ஆகவே 2025. தீபாவளி திங்கட்கிழமை, அக்டோபர் 20. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் எடை குறைப்பது என் வேலை இல்லை, ஏறாமல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். இட்லியும் கறிக்குழம்பும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். பலகாரம் எது வேண்டுமானாலும் உண்டு, ஆனால் தட்டில் எடுத்து வைத்து உட்கார்ந்துதான் சாப்பிடுவது, டப்பாவிலிருந்து நேராகக் கிடையாது. போகிற வீட்டில் ஒன்றை ஆசையாகச் சாப்பிடுவது, “வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறேன், மடிச்சுக் கொடுங்க” என்று சொல்வதில்லை. முன்பெல்லாம் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொட்டலம் எல்லாம் எங்கள் டப்பாவில்தான் வந்து சேர்ந்தது.

கஷ்டமான பகுதி அத்தையிடம் பேசுவது. அவர் கைப்பட செய்ததை “வெளியே கொடுத்துடலாம்” என்று மருமகள் சொன்னால் எப்படி இருக்கும்? அதனால் பலகாரம் சுடுவதற்கு ஒரு வாரம் முன்பே பேசினேன்.

“அத்தை, இந்தத் தடவ ரெண்டு படிக்குப் பதிலா ஒரு படி முறுக்கு போதுமா?”

“வர்றவங்களுக்குக் கொடுக்க வேணாமாம்மா?”

“கொடுக்கத்தான் அத்தை. ரெண்டு வாரம் கழிச்சு நமுத்ததக் கொடுக்கிறதுக்கு, செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் நல்லதாக் கொடுத்துடலாம்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதிரசத்துல மட்டும் நாலு எடுத்து வச்சிரு, அது கெடாது” என்றார். அந்த நாலையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய் சாயங்காலம் பிரித்தோம். பெரிய பங்கு மகனோடு ஹாஸ்டலுக்குப் போனது, அங்கே ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லையாம். ஒரு பங்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு, ஒரு பங்கு தெருவில் பட்டாசுக் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு, பிரிக்காத ஸ்வீட் பெட்டி கணவரோடு அவர் வேலையிடத்துக்கே. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மொறுமொறுப்பாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். நமக்கு வேண்டாததைத் தள்ளிவிடுவதாக அது ஆகிவிடக்கூடாது.

புதன்கிழமை காலை எடை பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான். விருந்துக்கு மறுநாள் முள் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், அதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேரும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்துவைக்கும். முறுக்கு, மிக்சரில் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இரண்டு வருஷம் மனம் உடைந்து, “போனது போச்சு” என்று மறுபடி டப்பாவைத் திறந்தேன். இந்த முறை சனிக்கிழமை ஏறிப் பார்த்தேன், 72.9. தீபாவளி காலையில் 72.6 இருந்தது. நாலு வாரம் கழித்து 72.1.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025-ல் தினமும் காலை நடை பழகியிருந்தேன், அதன் பங்கும் இதில் உண்டு. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, வீட்டில் ஐந்து பேர்தான். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் வீட்டில் டப்பாவை மூடும் அதிகாரம் ஒரு மருமகளிடம் இருக்காது, அங்கே இது எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவம் இல்லை. இந்தப் பொங்கலுக்கும் இதையே செய்தேன், ஆனால் சர்க்கரைப் பொங்கல் இரண்டு நாள் வைத்துத் தின்னும் பண்டம் இல்லை என்பதால் அதைச் சோதனையாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. தை, வைகாசிக் கல்யாணப் பந்திகள் அடுத்தடுத்து வந்தால் மூன்று நாள் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இதே விஷயத்தை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், நவம்பர் கடைசியில் அவர்கள் கொண்டாடும் நன்றியறிதல் நாளிலிருந்து (தேங்க்ஸ்கிவிங்) புத்தாண்டு வரையிலான விருந்துக் காலத்தில் 195 பேருக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோதான், ஆனால் தங்களுக்கு அதைவிட அதிகமாக ஏறிவிட்டதாக அவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தக் கொஞ்சம் பிறகு இறங்கவில்லை என்பதுதான் கவலைக்குரிய பகுதி. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரை வைத்துச் செய்து 2018-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த இன்னொன்றில், கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்து, சில எளிய குறிப்புகளைப் பின்பற்றியவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைக் கிலோ குறைவாக இருந்தது. அங்கே குறிக்கோளே எடை ஏறாமல் காப்பதுதான். படித்தபோது எனக்கு நெஞ்சு லேசானது. அதிலிருந்து நானும் புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் எடை பார்க்கிறேன், விருந்துக்கு மறுநாளாக அமைந்தால் மட்டும் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, மறைந்து சாப்பிடுகிறேன், இப்படி அடிக்கடி நடக்கிறது என்றால் இந்த மூன்று வழியும் அவர்களுக்கானது இல்லை. ஆப்பும் பட்டினியும் அதை இன்னும் கிளறிவிடும். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டிய விஷயம் அது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆப்தான் எனக்குச் சரிப்படும் என்கிறவர்கள் பண்டிகை மூன்று நாளை அதில் எழுதாமல் விட்டுவிட்டு, நான்காம் நாள் காலை டீயிலிருந்து எழுதிப் பாருங்கள். நான் அப்படித்தான் அதற்குத் திரும்பியிருக்கிறேன். அடுத்த தீபாவளி 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. திங்கட்கிழமை ராத்திரி மகன் ஊருக்குக் கிளம்பும்போது பெரிய டப்பா அவனோடு போகும், செவ்வாய்க்கிழமை மீதி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்க்கிற நாள் என்று அத்தையிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். “நாலு அதிரசம்” என்றார். சரி என்றேன்.