பிளாக் சாபத்தா, டீப் பர்ப்பிளா: மெட்டலை எங்கிருந்து தொடங்குவது?

ராக்கிலிருந்து பிறந்த கனமான, உரத்த இசையான ஹெவி மெட்டலின் வேரைத் தேடுகிறவர்கள் 1970-இல் வந்த இரண்டு இங்கிலாந்து இசைக்குழுக்களின் ஆல்பங்களுக்கு நடுவில் தயங்கி நிற்பார்கள்: பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம், டீப் பர்ப்பிளின் 'இன் ராக்'.

பதிவு: சாபத் லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளில் வாசித்து முடித்தது. பர்ப்பிள் கச்சேரிகளுக்கு இடையே மாதக்கணக்கில் செதுக்கியது.

கனம்: இதில் சாபத்துக்கு ஈடே இல்லை. ஆல்பத்தின் தொடக்கமே மழை, இடி, மணியோசை. பிறகு மூன்றே சுரங்களில் நகரும் அந்த கிட்டார். வாசித்த டோனி ஐயோமி, பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறை மாட்டி, மெல்லிய தந்திகளில் வாசித்தார். அந்தக் கைகளிலிருந்து இவ்வளவு பாரம் வந்தது என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

வேகம்: பர்ப்பிள்தான். 'ஸ்பீட் கிங்' பாடலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் ஜான் லார்டின் ஆர்கனும் மோதிக்கொள்கின்றன. 'சைல்ட் இன் டைம்' பத்து நிமிடத்துக்கு மேல். பாடகர் இயன் கில்லனின் அலறலுக்காகவே பொறுமையாகக் கேட்கலாம்.

வாரிசுகள்: மெதுவாக, பாரமாக நகரும் டூம் மெட்டல் முழுக்க சாபத்தின் பிள்ளை. உச்சக்குரல் பாடகர்களும் வேகக் கிட்டாரும் பர்ப்பிள் வழி.

புதுக்காதுக்கு: 'இன் ராக்' உடனே பிடிக்கும். சாபத் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் நீளும் ப்ளூஸ் வாசிப்பு சிலருக்குச் சலிக்கலாம்.

ராக் பழகியவர் பர்ப்பிளில் தொடங்கலாம். மெட்டலின் இருட்டு எங்கே பிறந்தது என்று கேட்பவருக்கு சாபத். அதுவும் இரவில், ஹெட்ஃபோனில்.