பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பட்டறையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 1,850 வெள்ளி போச்சு

1,850 வெள்ளி. மொத்தமும் பேநவ் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) வழியாகப் போனது. கையில் ஒரு துண்டு ரசீதுகூடக் கிடையாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறவிட்டால், "போனது போகட்டும், விடு" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவார்கள்.

வண்டி யமாஹா ஆர்எக்ஸ்-இசட். 133 சிசி, காற்றிலேயே குளிரும் ஒற்றை சிலிண்டர். நான் கைவைத்த முதல் பழைய வண்டி இதுதான். நண்பன் வீடு தரைவீடு என்பதால் அவர்கள் முற்றத்தில் வைத்து வயரிங், பிரேக், கார்புரேட்டர் எல்லாவற்றையும் நானே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். எஞ்சினின் அடிப்பாகம் மட்டும் என்னால் முடியாது. டூ-ஸ்ட்ரோக் கிராங்கை (பிஸ்டனின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டை) பிரஸ் என்ற அழுத்தும் கருவி வைத்துத்தான் பிரிக்க வேண்டும், கூட்டிய பிறகு கோட்டம் இல்லாமல் நேராக்க வேண்டும். அதற்கான கருவி வீட்டில் யாரிடம் இருக்கும்?

இதில் அவசரமும் இருந்தது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. என் வண்டியும் அதில் அடக்கம். மிச்சமிருக்கும் காலத்தில் ஒழுங்காக ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசையே. ஆக, பட்டறைக்காரர் இழுத்தடித்த ஒவ்வொரு வாரமும் எனக்குத் திரும்பக் கிடைக்காத வாரம். அது அவருக்கும் தெரியும். நானே சொன்னேன்.

தொழிற்பேட்டை ஒன்றில் உள்ள சிறிய பட்டறை. பழைய வண்டிகளுக்குப் பேர்போன இடம் என்று பலரும் சொன்னார்கள். நம் ஆள், தமிழிலேயே பேசினார். போனதும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, வேறு யாருக்கோ போர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) வைத்திருந்த சிலிண்டரை எடுத்து என் கையில் கொடுத்து, "உள்ளே விரலை விட்டுப் பாரு தம்பி" என்றார். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் போர்ட்டுகள், அதாவது கலவையும் புகையும் போய்வரும் துளைகள், இருக்கும். போர் செய்தபின் அவற்றின் விளிம்பு கூராக நிற்கும். அதை இழைத்து மழுக்காமல் பூட்டினால் பிஸ்டன் ரிங் அங்கே மாட்டி உடைந்துவிடும். அந்தச் சிலிண்டரில் விளிம்புகள் வழவழவென்று இருந்தன. "பாதிப் பேரு இதைச் செய்யறதே இல்லை தம்பி. நான் செய்யாம எஞ்சினை மூட மாட்டேன்."

அந்த இடத்தில்தான் நான் அவரை நம்பினேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. வேலை தெரியாதவர் கெடுத்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வராது. சரியான வேலை எது என்று விரல்நுனியில் வைத்திருக்கும் மனிதர், அந்த அறிவைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் செய்யவில்லை.

பேசியது இதுதான்: சிலிண்டரை போர் செய்து 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டன், புது ரிங், புது கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), கிராங்கை நேராக்குவது, இரண்டு பக்கமும் புது கிராங்க் சீல், கேஸ்கெட். முதலில் 1,200 வெள்ளி. கன்ராட் ஜொகூரிலிருந்து வந்துவிட்டது என்று சொல்லி இன்னொரு 650. ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு?" என்று தோளில் தட்டினார்.

அப்புறம் சாக்குகள். லேத் கடை மூடியிருக்கிறது. ஜொகூர் பாலமான காஸ்வேயில் நெரிசல், சாமான் வரவில்லை. பையன் லீவு. ஒருவழியாக எஞ்சின் வந்தது, பூட்டினேன், முதல் உதையிலேயே கிளம்பியது. புது பாகங்கள் பழகும் ரன்னிங்-இன் காலம் என்பதால் திராட்டிலைப் பாதிக்கு மேல் திருகவே இல்லை. மண்டாய் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் திடீரென்று அடங்கியது, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்ச்சை இழுத்ததால் விழவில்லை. பின்னால் வந்தது ஒரு லாரி. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

நண்பனின் அப்பா முன்பு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கிள்தான் என்னோடு உட்கார்ந்து ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றினார். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் அதன் தலையில் அளவு பொறித்திருக்கும். இதில் எதுவும் இல்லை. மேலே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த கீறல், பாவாடைப் பக்கத்தில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதியில்) பழைய கறுப்பு. என் பழைய பிஸ்டனையே பட்டறைக்காரர் துடைத்துப் போட்டிருக்கிறார். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 56 மில்லிமீட்டர், 0.50 ஏற்றினால் 56.50 காட்ட வேண்டும். அங்கிள் அளந்தபோது 56ஐ ஒட்டியே நின்றது, தேய்மானம் மட்டும் கொஞ்சம். சிலிண்டர் லேத் பக்கமே போகவில்லை. கன்ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் டொக் டொக் என்றது, அதையும் மாற்றவில்லை.

மேக்னட் பக்கத்து கிராங்க் சீல் கல்லாக இறுகிப் போயிருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் பெட்டி வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். சீல் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் உருகிப் பிடிக்கும். போதாக்குறைக்கு ஆயில் பம்ப்பிலிருந்து வரும் குழாயில் காற்றுக் குமிழி. எஞ்சினைப் பிரித்தவர் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதைக்கூடச் செய்யவில்லை! அந்தச் சில நிமிட வேலையைச் செய்யாமல் ஒருவனைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறார்.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். "புது எஞ்சினை முறுக்கியிருக்கே தம்பி." படங்களை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால், "கொண்டு வா, பார்க்கலாம்." லாரிக்குக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு போனால் முதலாளி ஜொகூரில் என்றான் பையன். கடைசியாக அவரே ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "0.50 பிஸ்டன்னு எந்த பில்லுல இருக்கு? காட்டு." ரசீது வேண்டாம் என்று தோளில் தட்டிய அதே மனிதர். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். 1,850 வெள்ளியில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

விவரமாக ஆலோசனை எழுதும் நிலையில் நான் இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். என்னென்ன மாற்றப் போகிறார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், 'தூக்கிப் போட்டுட்டேன்' என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஹெட்டை மூடுமுன் நேரில் போய் பிஸ்டன் தலையில் உள்ள எண்ணைப் படம் எடுங்கள். கிராங்க் பெட்டிக்குக் காற்றழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று உங்கள் முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள், பம்ப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். என்னிடம் பேநவ் பதிவு, அந்தக் குரல் பதிவு, அளவெடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி 'பில்லு எதுக்கு தம்பி' என்ற பேச்சை நம்பி யாராவது பணம் இழந்திருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், எந்தப் பட்டறை என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.