கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜி2: புரோகிராம் மோடுகள் எங்கே காலை வாரும்?

இந்தக் கால்குலேட்டரில் புரோகிராம் எழுதுபவர்கள் இரண்டு வகை மோடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, புரோகிராமை உருவாக்கும்போதே அதோடு ஒட்டிக்கொள்வது. மற்றது மெஷினின் செட்டப்பில் கிடப்பது. கடைசியாக யார் எப்படி விட்டார்களோ, அதை வைத்தே புரோகிராம் ஓடும். தவறான விடைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதிலிருந்துதான் வருகின்றன.

முதலாவதற்கான இடம் பெயர் வைக்கும் திரை. பிஆர்ஜிஎம் மெனுவில் நியூ கொடுத்து எட்டு எழுத்துக்குள் பெயர் அடிக்கும்போது கீழே ரன் (சாதாரணக் கணக்கு), பேஸ் (பைனரி, ஹெக்ஸா போன்ற எண்முறைக் கணக்கு) இரண்டும் தெரியும். பேஸைத் தேர்ந்தால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்று காட்டும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு இது அருமையான வசதி: ஆண்ட், ஆர், எக்ஸார், நாட் என்ற பிட் அளவிலான லாஜிக் கட்டளைகள் எல்லாம் உண்டு. ஆனால் முழு எண்கள் மட்டுமே. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும். மீதி சத்தமில்லாமல் போய்விடும். சராசரி, சதவீதம் கணக்கிடும் புரோகிராமை இங்கே எழுதவே கூடாது.

எண்ணின் எல்லையும் ஒரே மாதிரி இல்லை. டெசிமல், ஹெக்ஸா இரண்டும் 32 பிட். பைனரி 16 பிட் மட்டுமே. 40000-ஐ ஹெக்ஸாவில் கேட்டால் 9சி40 என்று காட்டும். பைனரியில் கேட்டால் மேத் எரர், ஏனென்றால் அங்கே உச்சம் 32767. வழி இருக்கிறது: 256-ஆல் வகுத்தால் 156 கிடைக்கும், அதன் பைனரி 10011100. அதே 40000-ஐ 255-உடன் ஆண்ட் செய்தால் 64, அதாவது 01000000. இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் செய்தால் போதும்.

ரன் வகையில் சிக்கல் வேறு: அது செட்டப்பில் கிடக்கும் மோடுகளால் வருவது. டிகிரியை நினைத்து எழுதிய புரோகிராம் ரேடியனில் ஓடினால் சைன் 30-க்கு 0.5 வராது, −0.988 வரும். எரர் எதுவும் காட்டாததால் கண்டுபிடிப்பது கஷ்டம். காம்ப்ளெக்ஸ் மோடு இந்த விஷயத்தில் எவ்வளவோ நேர்மையானது. எக்ஸ் ஸ்கொயர் + 2எக்ஸ் + 5 = 0 சமன்பாட்டை ரியலில் தீர்க்கப் போனால், வர்க்கமூலத்துக்குள் −16 வந்ததும் நான்-ரியல் எரர் என்று நின்றுவிடும். கற்பனை எண்களையும் ஏற்கும் ஏ+பிஐ மோடுக்கு மாற்றினால் −1±2ஐ கிடைக்கும்.

தசம இடங்களை இரண்டாக்கும் ஃபிக்ஸ் 2 போட்டால் மாறுவது திரையில் தெரிவது மட்டும். உள்ளே முழு மதிப்பு அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் மதிப்பையும் ரவுண்ட் செய்ய ஆர்என்டி என்ற கட்டளை வேண்டும்.

டிகிரி, ஏ+பிஐ போன்ற கட்டளைகளைப் புரோகிராமின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுங்கள். புரோகிராம் முடிந்தாலும் அந்த அமைப்பு மெஷினில் தங்கிவிடும். கடைசி வரியில் பழையபடி மாற்றுவது நல்ல பழக்கம்தான், ஆனால் பாதியில் ஏசி பட்டனை அழுத்தி நிறுத்தினாலோ எரர் வந்தாலோ அந்த வரி ஓடாது. அதனால் அடுத்த புரோகிராமும் தன் முதல் வரியில் தனக்கு வேண்டிய மோடைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.